பரியான நரிகளும் ஒரு பழைய வண்டியும்

அடி அண்ணாமலையில் குடியிருப்பவர்கள் பௌர்ணமியை அறிய வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வாசலைப் பார்த்தால் போதும். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கும் கூட்டம், செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, இரவெல்லாம் எங்கள் தெருமுனையைக் கடந்துபோகும். குழந்தையைத் தோளில் சுமந்தவர், முழங்கால் வலியால் இரண்டு எட்டுக்கு ஒருமுறை நின்று நடக்கும் பாட்டி, கைப்பேசியில் பேசியபடியே நடக்கும் இளைஞன் என எல்லோரும் அதில் உண்டு. நடப்பதையே வழிபாடாகக் கொண்ட ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் 2010ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஏழு பேர் அமரும் டீசல் வண்டி ஒன்று நிற்கிறது. வழக்கில் எஸ்.யூ.வி. என்கிறார்கள். அதன் பதிவுச் சான்றுக்குரிய பதினைந்து ஆண்டுகள் முடிந்து, புதுப்பிக்க வேண்டிய வேளை வந்ததும் ஆளுக்கொரு அறிவுரை கிளம்பிவிட்டது.

"இன்னுமா சார் இத வச்சிருக்கீங்க? மைலேஜே குடுக்காதே. எக்ஸ்சேஞ்சுல தள்ளிட்டு சின்னதா ஒரு எஸ்.யூ.வி. எடுத்துடுங்க. எண்ணெய்ல மிச்சமாகிற காசே மாசத் தவணைய கட்டிடும்." ஆசிரியர் அறையில் இதைச் சொன்னவர் பொருளியல் கற்பிப்பவர். ஏறக்குறைய இதே சொற்களை வண்டி விற்கும் கடையில் கழுத்துப்பட்டை அணிந்த தம்பியும் சொன்னார். செய்யாற்றிலிருந்து வந்த மாமாவும் சொன்னார். மூவரும் தனித்தனியாக யோசித்து ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்று நாங்கள் நம்பவில்லை. இது ஒரு பாடம்; நம் மத்தியதர வர்க்கம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பாடம்.

மாற்றுவதா, வைத்திருப்பதா என்பது எங்கள் வீட்டுச் சிக்கல். அதைப் பொதுவில் எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிவுரைக்குள் 'சிக்கனம்' என்ற பழைய தமிழ்ப் பண்பின் பெயர் சிக்கிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு லட்ச ரூபாய் செலவழிப்பதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லை மீட்கவே இக்கட்டுரை.

*

எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்; மற்றவர் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். முதல்வர் உணர்ச்சிவசப்பட்டு ஏதாவது சொல்லும்போது இரண்டாமவர் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். அன்றிரவும் அதுதான் நடந்தது.

கல்லூரிக்கும் பள்ளிக்கும் நாங்கள் ஸ்கூட்டரிலோ பேருந்திலோ போகிறோம். பெரிய வண்டி வெளியே எடுக்கப்படுவது அம்மாவின் சிகிச்சைக்காக மாதம் ஒருமுறை வேலூருக்கு, ஆண்டில் மூன்று நான்கு முறை சென்னைக்கு, விசேஷங்களுக்குச் செய்யாறு, பிறகு, தெருவில் யாருக்காவது இரவில் நெஞ்சுவலி, பிரசவ வலி என்றால். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தருகிறது. ஆக, 545 லிட்டர் டீசல். லிட்டர் 93 ரூபாய் என்று கொண்டால் ஏறத்தாழ 50,700 ரூபாய்.

புதிய சின்ன எஸ்.யூ.வி., பெட்ரோல் வண்டி. விளம்பரத்தில் லிட்டருக்கு 19 என்று இருக்கும். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓட்டினால் 15 கிடைக்கும் என்று அதை வைத்திருப்பவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். 6,000 கிலோமீட்டருக்கு 400 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் 40,400 ரூபாய். இரண்டுக்கும் வித்தியாசம் ஆண்டுக்கு 10,300 ரூபாய். மாதத்துக்கு ஒன்பது நூறுக்கும் கீழே.

இனி மறுபக்கம். சாலைக்கு வரும்போது வண்டியின் விலை 12 லட்சம். பழையதற்கு 2 லட்சம் தருவார்களாம். கையிலிருந்து 2 லட்சம் போட்டால் மீதி 8 லட்சம் கடன். 9 விழுக்காடு வட்டி, ஐந்தாண்டு என்றால் மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். ஐந்தாண்டில் கட்டும் வட்டி மட்டும் 1,96,000 ரூபாயைத் தாண்டுகிறது. அதாவது, எண்ணெயில் மிச்சமாகும் பணத்தைக்கொண்டு அந்த வட்டியை மட்டும் அடைக்கப் பத்தொன்பது ஆண்டுகள் வேண்டும். அசல் அப்படியே நிற்கும். புதிய வண்டி ஐந்தாண்டில் இழக்கப்போகும் விலையை நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பழுதுச் செலவைச் சொல்வார்கள். சொல்லட்டும். கிளட்ச் பிளேட், பேட்டரி, டயர், இன்ஜெக்டர் என்று ஆண்டுக்குச் சராசரியாக 25,000 ரூபாய் ஆகத்தான் ஆகிறது. ஆனால் புதிய வண்டிக்கு முழுக் காப்பீடும் சர்வீஸும் சேர்ந்து அதைவிடக் குறைவதில்லை. பழைய வண்டிக்குச் செலவிடும் பணம் அவலூர்ப்பேட்டைச் சாலையில் கிரீஸ் படிந்த கையோடு நிற்கும் ஓர் அண்ணனின் வீட்டு அடுப்பை எரியவைக்கிறது என்பதைக் கணக்குப் பாடத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டோம்.

எண்ணெயில் மிச்சமாகும் காசு மாதத் தவணையைக் கட்டும் என்றார் நண்பர். எண்ணெய் மிச்சம் மாதம் 860 ரூபாய். தவணை 16,600 ரூபாய். பொருளியல் கற்பிப்பவர் ஒருவர் இதைச் செய்து பார்க்காமலே சொன்னார் என்றால், அவருக்குக் கணக்குத் தெரியாது என்று பொருளல்ல. கணக்குப் போட வேண்டிய இடம் இது என்றே அவருக்குத் தோன்றவில்லை என்று பொருள். 'மைலேஜ்' என்ற சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அந்தச் சொல் வந்ததும் நாம் சிந்திப்பதை நிறுத்திவிடுகிறோம்.

*

மைலேஜ் என்பது உண்மையில் என்ன? ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்குத்தான். ஆனால் இந்தப் பின்னம் தலைகீழாக நிற்கிறது. 2008இல் 'சயின்ஸ்' இதழில் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த மயக்கத்தைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். எண்ணெய்ச் செலவை இப்படி அளந்து சொல்லும்போது மக்கள் தவறாகவே கணிக்கிறார்கள் என்று காட்டினார்கள். நம் அளவையில் சொல்வதானால், 10,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவர் லிட்டருக்கு 8 தரும் வண்டியை விட்டு 10 தரும் வண்டிக்கு மாறினால் 250 லிட்டர் மிச்சம். இன்னொருவர் 20 தரும் வண்டியை விட்டு 25 தரும் வண்டிக்கு மாறினால் 100 லிட்டர்தான் மிச்சம். இரண்டுக்குக் கிடைக்கும் பலன் ஐந்துக்குக் கிடைப்பதில்லை. ஐரோப்பாவில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்கிறார்கள். அதுவே நேர்மையான கேள்வி. நம் விளம்பரங்கள் அப்படிக் கேட்கும் நாளில் பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

விளம்பரத்து எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதுகாறும் நிலவிவரும் முறையில், வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்ப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் சக்கரங்களை ஏற்றி, குறித்துவைத்த வேகங்களில் இருபது நிமிடம்போல ஓட்டுகிறார்கள். வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது. குளிர்சாதனம் அணைந்திருக்கும். செங்கம் சாலையின் பள்ளமும், எதிரே வரும் கரும்பு லாரியும், மே மாத வெயிலும் அந்த உருளைக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய மறைப்பு ஒன்றுண்டு. மைலேஜ் வண்டியின் குணத்தைச் சொல்கிறது. நம் நடத்தையைச் சொல்வதில்லை. எவ்வளவு எண்ணெய் எரிகிறது என்பதை முடிவு செய்வது எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர் என்ற இரண்டு கேள்விகள். லிட்டருக்கு 11 தரும் எங்கள் வண்டியில் செய்யாற்றுக் கல்யாணத்துக்கு ஏழு பேர் போனோம் என்றால், ஒரு லிட்டரில் ஆட்கள் கடந்த தூரம் 77 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 தரும் சிக்கன வண்டியில் நண்பர் தனியாகக் கல்லூரிக்கு வருகிறார், 15 கிலோமீட்டர்தான். இருவரில் சிக்கனக்காரர் யார்?

1865இல் நிலக்கரியைப் பற்றி எழுதிய ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ், எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் எந்திரம் வந்தால் எரிபொருள் குறைவாகச் செலவாகும் என்று நினைப்பது குழப்பமான எண்ணம் என்றார். மலிவாகும் எதையும் மனிதன் கூடுதலாகப் பயன்படுத்துகிறான். ஓராண்டுக்கு முன் வண்டியை மாற்றிய எங்கள் உறவினர் ஒருவர் முன்பெல்லாம் பேருந்தில் வருவார். இப்போது வண்டியில் வந்து, வண்டியிலேயே மலையைச் சுற்றி, ஒவ்வொரு லிங்கத்துக்கும் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, "அரை டேங்க்தான் ஆச்சு" என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார். வண்டி மிச்சப்படுத்தியதை அவர் செலவழித்துவிட்டார். போதாததற்குப் புண்ணியத்தையும்.

*

நாங்கள் யாருக்காகவும் பொதுவிதி வகுக்கவில்லை. பேருந்து நிலையத்தருகே வாடகை வண்டி ஓட்டும் ஒருவர் ஆண்டுக்கு 50,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 11இலிருந்து 15க்கு மாறினால் அவருக்கு 1,200 லிட்டருக்கு மேல் மிச்சம். ரூபாயில் ஒரு லட்சத்தைத் தாண்டும். அவர் உடனே மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தொழிலில் நஷ்டம். அவருக்குச் சிக்கனம் என்ற சொல் முழுப்பொருளில் பொருந்தும். ஆனால் அந்த அறிவுரையை அவரிடம் யாரும் அத்தனை ஆர்வமாகச் சொல்வதில்லை. அவருக்குக் கடன் தர நூறு கேள்வி கேட்கிறார்கள். எங்களுக்கோ, சம்பளச் சீட்டு இருப்பதால், கேட்காமலே கைப்பேசியில் அழைத்துக் கடன் தருகிறார்கள். அதிகம் ஓட்டுபவரிடம் பழைய வண்டியும், குறைவாக ஓட்டுபவரிடம் புதிய வண்டியும் வந்து சேர்வதுதான் இன்றைய ஏற்பாடு. நாட்டின் எண்ணெய்ச் செலவைக் குறைக்க நினைக்கும் எவரும் இதை நேர் எதிராகத்தான் அமைத்திருப்பார்கள்.

சரி, பணத்தை விடுங்கள், சுற்றுச்சூழலை நினையுங்கள் என்பார்கள். நினைத்தோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு; பெட்ரோல் என்றால் 2.3 கிலோ. எங்கள் ஓட்டத்துக்கு வண்டியை மாற்றினால் ஆண்டுக்கு அரை டன்னைச் சற்றே தாண்டி மிச்சமாகும். ஆனால் புதிய வண்டி ஆகாயத்திலிருந்து இறங்குவதில்லை. இரும்பு உருக்கி, அலுமினியம் வார்த்து, பிளாஸ்டிக் அச்செடுத்து, சாயம் பூசி வருகிறது. ஒரு காரைச் செய்து முடிக்க வெளியாகும் வாயு பல டன். ஆறு டன் என்று வைத்துக்கொண்டால்கூட, அந்தக் கடனை அடைக்கவே எங்களுக்குப் பதினோரு ஆண்டு பிடிக்கும். மின்வண்டிக்கும் இதே விதிதான். அதன் மின்கலத்தைச் செய்வதற்கே வாயுக்கணக்கில் கூடுதலாகக் கடன்பட வேண்டியிருப்பதால், நாள் முழுதும் ஓடும் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் அது முதலில் போய்ச் சேர வேண்டும். மரத்தடியில் நிற்கும் வண்டிக்கு அல்ல.

மேலும், எக்ஸ்சேஞ்சில் கொடுத்த வண்டி என்ன ஆகும்? கடைக்காரர் அதைச் சமாதியில் வைக்கப்போவதில்லை. சாயம் அடித்து இன்னொருவருக்கு விற்பார். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மலையேற்றி ஆள் இறக்கவோ, சந்தைக்கு மூட்டை ஏற்றவோ எங்களைவிட மூன்று மடங்கு ஓட்டுபவர் கைக்கு அது போகும். புகை நிற்பதில்லை, முகவரி மாறுகிறது. மனசாட்சிக்கு மட்டும் புதுச்சாயம் கிடைக்கிறது.

இதைத் தவிர்க்கவே அமெரிக்க அரசு 2009இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பழைய, எண்ணெய் குடிக்கும் வண்டியைக் கொடுத்துவிட்டுச் சிக்கனமான புதிய வண்டி வாங்குபவர்களுக்கு மானியம். ஏறக்குறைய 300 கோடி டாலர். வாங்கிய பழைய வண்டிகள் மீண்டும் ஓடக்கூடாது என்பதற்காக, எஞ்சினில் எண்ணெயை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, இறுகி நிற்கும்வரை ஓடவிட்டார்கள். ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அப்படிக் கொல்லப்பட்டன. பின்னர் வந்த ஆய்வுகள், அந்த விற்பனையில் பெரும்பகுதி சில மாதங்களில் எப்படியும் நடந்திருக்கக்கூடியதுதான், மானியம் அதைச் சற்று முன்னே இழுத்தது என்று கண்டன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்களின் தொண்டையில் கண்ணாடிக் குழம்பை ஊற்றிய அந்தக் காட்சி, நம் காலத்தின் சிக்கனத்துக்குச் சரியான படிமம்.

நம் அரசும் பின்தங்கவில்லை. 2021 ஆகஸ்டில் பழைய வாகன அழிப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. 600 ரூபாயாக இருந்த காரின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம், பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. இருபது ஆண்டு கடந்தால் 10,000 என 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அதற்கு அடுத்த மாதம், 2025 செப்டம்பர் 22 முதல், பெரிய எஸ்.யூ.வி.க்களின் மீது 50 விழுக்காடாக இருந்த வரி 40 விழுக்காடாகக் குறைந்தது. பழையதை வைத்திருப்பவருக்கு அபராதம், பெரியதைப் புதிதாக வாங்குபவருக்குத் தள்ளுபடி. இரண்டையும் அடுத்தடுத்த மாதங்களில் செய்துவிட்டு, இது தூய காற்றுக்காக என்றால் எப்படி நம்புவது? வண்டியின் வயதை எண்ணுகிறார்கள்; அது ஓடிய தூரத்தை எண்ணுவதில்லை. அதன் எடையையும் அகலத்தையும் கேட்பதில்லை. இந்தியாவில் இன்று விற்கும் கார்களில் பாதிக்கு மேல் எஸ்.யூ.வி. வகை. அகன்ற வண்டிகள் அகன்ற சாலையைக் கேட்கின்றன. 2016இல் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களில் கைவைத்தபோது ஊர் மக்களும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் குறுக்கிட்டது. அந்த மரங்களின் நிழலில் நடந்தவர் யாரும் சாலை குறுகலாக இருக்கிறது என்று முறையிட்டதாக எங்களுக்கு நினைவில்லை.

*

இவ்வளவும் எழுதிய பின்பு, எங்களுக்கு எதிரான வலுவான வாதத்தை நாங்களே சொல்லாவிட்டால் இது வாதமாகாது; வக்கீல் வேலையாகிவிடும்.

அந்த வாதம் மைலேஜ் அல்ல, புகை. எங்கள் வண்டி பாரத் ஸ்டேஜ் மூன்று காலத்தது. அக்காலத்தில் டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 0.05 கிராம் நுண்துகள் வெளியிடலாம் என்பது வரம்பு. 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் ஆறில் அது 0.0045 கிராம். பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. கரியமில வாயு உலகத்துக்குப் பொது. நுண்துகளோ தெருவுக்கே சொந்தம். எங்கள் வண்டி கக்கும் கரி, வெறுங்காலோடு நடக்கும் அந்தப் பாட்டியின் நெஞ்சுக்குள் போகிறது. வேறு எந்த ஊரிலும் இதைச் சற்று மறந்திருக்கலாம். இந்தப் பாதையில் குடியிருந்துகொண்டு மறக்க முடியாது. ஒரு பௌர்ணமி இரவு, தெருவில் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டியை உசுப்பியபோது, பின்னால் நடந்துவந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆசிரியர் அறையின் கேலிகளை எல்லாம் தாங்கிய எங்களால் அதைத் தாங்க முடியவில்லை.

ஆகவே, புகைக்காக மாற்றுங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் தலைகுனிந்து கேட்டிருப்போம். ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. ஷோரூமிலும் சொல்லவில்லை. அங்கே எங்களுக்குக் காட்டியது மேற்கூரைக் கண்ணாடியையும், பெரிய தொடுதிரையையும். இன்னும் ஒன்று. புதிய டீசல் வண்டியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நெடுந்தூரம் ஓட வேண்டும். காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் குட்டி ஓட்டம் ஓடும் வீடுகளில் அது அடைத்துக்கொள்ளும். எங்கள் ஓட்டம் என்னவென்று கேட்காமலே டீசலும் பரவாயில்லை சார் என்றவருக்கு இது தெரியாதிருக்காது.

அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் இருக்கிறது. திருவெம்பாவை இந்த மலையடியில் பிறந்தது என்பது மரபு. வண்டி வாங்குவதைப் பற்றி இத்தனை பேர் அறிவுரை சொல்லியும், அரசு செலவில் வாகனம் வாங்கப் போன அந்த மனிதரை யாரும் நினைக்கவில்லை. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை அவர் பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டார். அரசன் கேட்டபோது, நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன. பளபளக்கும் மேனி, நேர்த்தியான நடை. அரசன் மகிழ்ந்தான். இக்கதையை மாணவர்களிடம் கேட்டால் எல்லோரும் இதுவரை சொல்வார்கள். அதன்பின் நடந்ததைச் சிலரே சொல்வார்கள். இரவில் அந்தப் பரிகள் மீண்டும் நரிகளாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஓடின. புதியவை போனதோடு இழப்பு நிற்கவில்லை; ஓடிக்கொண்டிருந்த பழையவையும் போயின.

வகுப்பில் இதை இருபது ஆண்டாகத் திருவிளையாடலாகவே நடத்தி வந்திருக்கிறோம். தவணைக் கணக்கு போட்ட இரவில்தான் அது லாயத்தின் கதையாகவும் தெரிந்தது. எங்கள் வீட்டில் லாயத்துப் பழைய குதிரை என்பது வண்டி மட்டுமல்ல. மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள். மாதம் 16,600 ரூபாய் என்பது அவளுடைய விடுதிக் கட்டணம், அல்லது அம்மாவின் மருந்தும் வேலூர்ப் பயணமும். ஷோரூமில் பரியாக நின்றது எங்கள் வீட்டில் இரவில் எதைக் கடிக்கும் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

*

முடிவைச் சொல்லிவிடுகிறோம். வண்டியை மாற்றப்போவதில்லை. ஆனால் இதுவரை வைத்திருந்ததுபோல் வைத்திருக்கப்போவதும் இல்லை.

இன்ஜெக்டர்களையும் காற்று வடிகட்டியையும் சரிசெய்து, புகைச் சான்றை ஒரு தாள் என்று வாங்காமல், எண்ணைப் பார்த்து வாங்குவோம். பௌர்ணமியிலும் தீபத்தன்றும் உயிர் காக்கும் காரியம் தவிர வேறெதற்கும் வண்டியை எடுக்க மாட்டோம். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டரை 4,000 ஆக்குவோம். சென்னைக்குப் பேருந்து இருக்கிறது. இதனால் மட்டும் 180 லிட்டர் மிச்சம். பன்னிரண்டு லட்ச ரூபாய் வண்டி தருவதாகச் சொன்ன மிச்சம் 145 லிட்டர்தான். புகைச் சோதனையில் வண்டி தோற்று, பழுதுபார்த்தும் தேறாவிட்டால், எக்ஸ்சேஞ்சில் கொடுத்து இன்னொருவர் தலையில் கட்டாமல், பதிவுபெற்ற அழிப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்குவோம். அன்று எங்களுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டால், அது எஸ்.யூ.வி.யாக இருக்காது. 2010இலேயே அது தேவைப்படவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பேராசிரியர் வீட்டு வாசலில் உயரமாக ஒன்று நிற்கட்டும் என்ற ஆசையில்தான் வாங்கினோம். அந்த உயரத்தில் ஏற முடியாத அம்மாவுக்காக, பின்பக்கத்தில் ஒரு மர முக்காலியை இன்றும் வைத்துக்கொண்டு திரிகிறோம். ஆடம்பரத்துக்கு நாங்கள் கட்டிவரும் தண்டம் அந்த முக்காலி.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டியை மாற்ற நினைப்பவர்கள் மைலேஜை முதலில் கேட்காதீர்கள். சென்ற ஆண்டு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள், அதில் எத்தனை முறை வண்டி நிறைந்திருந்தது, எத்தனை பயணம் பேருந்தில் முடிந்திருக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதிகம் ஓட்டுபவராக இருந்தால், தயங்காமல் மாற்றுங்கள். இல்லையென்றால், புதிய வண்டி வேண்டும் என்ற ஆசையை ஆசை என்றே சொல்லி வாங்குங்கள். அதில் குற்றமில்லை. ஒரு மனிதன் பிடித்த வண்டியை வாங்கலாம். அதற்குச் சிக்கனம் என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது. மாதக் கடைசியில் அதை வைத்துக்கொண்டுதான் பல வீடுகள் அடுப்பு மூட்டுகின்றன.

நாளை காலை வேலூர் போக வேண்டும். டயரில் காற்று பார்த்தாயிற்று. முக்காலியை எடுத்து வைத்தாயிற்று. பக்கத்து வீட்டு அக்காவும் அவர் மகனும் கண் பரிசோதனைக்கு உடன் வருகிறார்கள். ஐந்து பேர்.